கடலூர்க் கரையோரத்தில் பாலித்தீன் குடில்: பருவத்துக்கு முந்திய காய்கறிக்கு அது உதவுகிறதா?

கடலூர் மாவட்டத்தில் பாலித்தீன் குடில் அமைக்க நினைப்பவர், அதை இங்கே ஒரு குடையாகக் கருதினால்தான் போட்ட பணத்துக்குப் பயன் காண்பார். குளிர் நாடுகளில் வெப்பத்தைச் சேர்த்து வைப்பதற்காக உருவான அமைப்பு இது. நமக்கு வெப்பத்துக்குப் பஞ்சமில்லை. பருவத்துக்கு முன்பே காய்கறியைச் சந்தைக்குக் கொண்டுவர முடியாமல் தடுப்பது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டும் வடகிழக்குப் பருவமழைதான். நெல்லிக்குப்பத்துக்குக் கிழக்கே, தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் இடைப்பட்ட வண்டல் நிலத்தில், கொரோனாவுக்கு முந்தைய ஆண்டு நாங்கள் அமைத்த வளைவுக் குடில் ஏறக்குறைய நான்கு சென்ட் பரப்புடையது. துத்தநாகம் பூசிய இரும்புக் (ஜி.ஐ.) குழாய்ச் சட்டம், மேலே புற ஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் பாலித்தீன் தாள் (யு.வி. ஷீட்), பக்கங்களில் அங்குலத்துக்கு 40 கண் உள்ள (40 மெஷ்) பூச்சி வலை, உள்ளே சொட்டுநீர்க் குழாய்கள் என்பதுதான் அதன் அமைப்பு.

இந்தப் பக்கத்தில் ஆடிப்பட்டத்துச் செடிகள் மழையில் அடிபட்டு ஓய்ந்துபோகும் நேரத்தில்தான் பொங்கல் வருகிறது. பொங்கலன்று எந்த வீட்டிலும் கூட்டுக்குழம்பு வைக்காமல் இருப்பதில்லை, கத்திரிக்காய் இல்லாமல் அந்தக் குழம்பும் இல்லை. தைப்பட்டத்துக் காய் சந்தைக்கு வரப் பங்குனி ஆகிவிடும். இந்த இடைவெளியில்தான் குடில் தன் செலவை மீட்டுத் தருகிறது. புரட்டாசி நடுவில் குழித்தட்டில் விதைத்து, முப்பது நாள் கடந்த நாற்றை ஐப்பசியில் குடிலுக்குள்ளேயே மேட்டுப் பாத்தியில் நட்டால், மார்கழி முடிவதற்குள் முதல் காய் பறித்துவிடலாம். பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஊதாக் கத்திரி இரகங்களைத்தான் நாங்கள் நடுகிறோம், ஏனெனில் கடலூர் உழவர் சந்தையில் வாங்குவோர் அந்தக் காயைப் பார்த்துத்தான் கை நீட்டுகிறார்கள். தக்காளியில் முந்திக்கொள்வதால் எந்த இலாபமும் இல்லை என்பது என் முடிவு. கிருஷ்ணகிரி மாவட்டத்து இராயக்கோட்டையிலிருந்தும் ஆந்திராவின் மதனப்பள்ளியிலிருந்தும் வரும் லாரிகள்தான் அதன் விலையை நிர்ணயிக்கின்றன. நாம் ஒரு மாதம் முந்தினாலும் பிந்தினாலும் அந்த விலை அசைவதில்லை.

குடிலின் உண்மையான பலம் நாற்றங்காலில் இருக்கிறது. 98 குழித் தட்டில், நன்கு மக்கிய தென்னை நார்க்கழிவை நிரப்பி (தட்டுக்கு ஒன்றேகால் கிலோ அளவு போதும்), குழிக்கு ஒரு விதை வீதம் இட்டு, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடி வைத்து, முளை தலைகாட்டியதும் பிரித்துப் பரப்ப வேண்டும். திறந்தவெளி நாற்றங்காலில் ஒரே இரவு மழையில் விதையெல்லாம் ஓடி வரப்போரம் குவிந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் நாற்றழுகல் நோய் குடிலுக்குள்ளும் வரத்தான் செய்கிறது. நேற்றுவரை நிமிர்ந்து நின்ற நாற்று, மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நீர்கோத்து நூலாக மெலிந்து, இலை பச்சையாக இருக்கும்போதே மடிந்து விழுந்துவிடும். விதையுடன் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலப்பது ஓரளவு காக்கிறது. அதைவிட, அடைமழை நாட்களில் தட்டுக்கு நீர் விடாமல் கையைக் கட்டிக்கொண்டிருப்பது அதிகம் காக்கிறது.

விற்பவர்கள் வாய் திறக்காத ஒரு குறை, மார்கழி விடியலில் உள்பக்கம் சொட்டும் நீர். இரவில் குளிர்ந்த ஷீட்டின் அடியில் ஈரம் முத்து முத்தாகக் கட்டி, வளைவின் வழியே நழுவி, குறுக்குக் குழாயைத் தொட்ட இடத்தில் நின்று ஒரே புள்ளியில் விழுந்துகொண்டே இருக்கும். அதற்கு நேர் கீழே உள்ள குழியில் நார்க்கழிவு தோண்டப்பட்டு, வேர் வெளியே தெரியும். மாலையில் பக்க வலையின் மேல் தொங்கும் பாலித்தீன் திரையை முழுவதும் இறக்கி மூடாமல் ஒரு முழம் திறந்து வைப்பதும், தட்டுகளைக் குறுக்குக் குழாயின் கீழிருந்து நகர்த்தி வைப்பதும் போதுமான பரிகாரம்.

பூச்சி வலையைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் பேச வேண்டியிருக்கிறது. கத்திரியின் பெரும் பகையான தண்டு மற்றும் காய்த்துளைப்பானின் அந்துப்பூச்சி உள்ளே வருவதில்லை. திறந்தவெளியில் மருந்து தெளித்தும் காயில் பாதியைச் சொத்தையென்று ஒதுக்குபவர்களுக்கு இது சிறிய ஆதாயமன்று. வெள்ளை ஈயும் பெரும்பாலும் தடைபடுகிறது, ஆனால் இலைப்பேன் மிகச் சிறியது என்பதால் 40 மெஷ் கண்ணுக்குள் நுழைந்துவிடும். அதே வலை காற்றையும் தடுப்பதால் உள்ளே வெக்கை கூடுகிறது. வண்டும் தேனீயும் வராததால், பூக்கும் காலத்தில் காலை வேளைகளில் செடி கட்டிய கயிற்றைத் தட்டிவிட்டுக்கொண்டே நடக்க வேண்டும். காற்றிலேயே மகரந்தம் உதிரக்கூடிய கத்திரிக்கு இந்த அசைவு போதுமானது. பூசணி, பாகல், புடலை போன்ற கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி என்பதால், வலைக்குள் அவற்றை வளர்ப்பது வீண் வேலை.

கோடையில் ஷீட்டை வைத்திருப்பது பயனற்றது. சித்திரை, வைகாசியில் வெளியே 38 பாகையைத் தாண்டும்போது, மூன்றரை மீட்டர் உயரமே உள்ள எங்கள் குடிலுக்குள் நடுப்பகலில் மனிதர் நிற்க முடியாது. தக்காளியும் மிளகாயும் பூவை உதிர்த்துவிட்டுப் பேசாமல் நிற்கும். ஆகவே மாசி அறுவடை முடிந்ததும் ஷீட்டைக் கழற்றிச் சுருட்டிவிட்டு, வெயிலில் பாதியைத் தடுக்கும் 50 சதவீத நிழல்வலையைப் போர்த்திக் கொத்தமல்லியும் கீரையும் போடுகிறோம். இதனால் ஷீட்டின் ஆயுள் நீள்கிறது என்பதோடு, மண்ணுக்கும் ஒரு நன்மை உண்டு. கூரைக்குக் கீழே மழை இறங்காத மண்ணில், உரமும் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பும் கழுவப்படாமல் தங்கிச் சொட்டுவாயின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். ஆடி, ஆவணி மழையைத் திறந்த நிலத்தில் இறங்கவிட்டால் அது கரைந்து கீழே போகிறது. வேர்முடிச்சு நூற்புழுவும் இடைவிடாமல் கத்திரி நடும் குடிலில் சீக்கிரம் பெருகும் என்பதால், ஓராண்டு விட்டு ஓராண்டு அந்தப் பாத்திகளில் அதை அடக்கும் செண்டுமல்லி வைக்கிறோம். பூவுக்குப் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் விலையும் கிடைக்கிறது.

ஷீட் முதலில் கிழிவது காற்றடித்த இடத்தில் என்று நினைப்போம். எங்கள் குடிலில் அது முதலில் நொறுங்கியது, வெயிலில் சுட்ட குழாயின் முதுகில் அழுந்திக் கிடந்த கோடு முழுவதும்தான். குழாயின் மேல்பகுதிக்கு வெள்ளை வண்ணம் பூசிய பிறகு இந்தத் தொல்லை குறைந்தது. கந்தகத் தூளை ஷீட் இருக்கும்போது தூவக்கூடாது, அதுவும் ஷீட்டின் யு.வி. தாங்கும் வலுவைக் கெடுக்கும். உப்புக் காற்றில் துரு பிடிப்பது வெல்டிங் செய்து பற்ற வைத்த மூட்டுகளில்தான் தொடங்குகிறது. கிளாம்பும் போல்ட்டும் போட்ட மூட்டுகள் இன்றும் சுத்தமாக இருக்கின்றன. எங்களுக்குச் சட்டம் அமைத்துத் தந்தவர், சிக்கனம் என்று சொல்லிப் பாதி மூட்டுகளைப் பற்றவைத்துவிட்டுப் போனார், பிறகு அழைத்தால் எடுப்பதில்லை.

புயலைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் குடிலைப் பற்றி எழுத முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் சாய்ந்ததைப் பார்த்தவர்கள், அந்தக் காற்றை எதிர்த்து ஒரு பாலித்தீன் கூரை நிற்கும் என்று நம்பமாட்டார்கள். ஷீட் காற்றைப் பிடித்தால் சட்டத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விடும். ஆதலால் ஷீட்டை ஆணியடிக்காமல், பள்ளப் பட்டையில் ஸ்பிரிங் கம்பி செருகி மாட்டியிருக்கிறோம். துறைமுகத்தில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய செய்தி வந்தால் இரண்டு பேர் ஒரு மணி நேரத்தில் உருவிவிடலாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியபோது, இப்படி உருவி வைத்ததால் சட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்து, சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருகியபோது பாத்தி மூழ்கி உள்ளே நட்டிருந்த கத்திரியில் பாதி வாடிப்போனது. குழித்தட்டுகள் மட்டும் வீட்டு மாடியில் பத்திரமாக இருந்தன, அந்த ஆண்டு அக்கம்பக்கத்தில் நாற்று கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்கவும் மிஞ்சியது.

புதிதாகப் போடுபவர்கள் தோட்டக்கலைத் துறையின் மானியத்துக்குக் கட்டாயம் விண்ணப்பிக்கலாம். உயரத்தை மட்டும் நான்கரை மீட்டருக்குக் குறைக்க வேண்டாம். எங்கள் இரண்டாவது ஷீட்டும் இப்போது மங்கிவிட்டது. இந்த முறை முழு நீளத்துக்கும் வாங்காமல், நாற்றங்காலும் பொங்கல் கத்திரியும் அடங்கும் கிழக்குப் பாதிக்கு மட்டும் வாங்கி, மேற்குப் பாதியை ஆண்டு முழுவதும் நிழல்வலையிலேயே விட்டுவிடலாம் என்று இருக்கிறோம்.