லயத்து வீட்டில் மூன்று வருடமாக 4ஜி ரவுட்டர்

நோர்வூட் பக்கம் எங்கள் லயத்து வீட்டுக்கு 4ஜி ரவுட்டர் வந்து மூன்று வருடமாகிறது. முதல் வருடம் முழுக்க அதைத் திட்டியே கழித்தோம். தங்கச்சிக்கு ஏ.எல் வகுப்பு ஸூமில். "அண்ணே, வைஃபை ஃபுல்லா காட்டுது, மிஸ் மட்டும் அப்படியே நிக்கிறாங்க" என்பாள். டவுனில் ஒரு கடையில் கேட்டதற்கு வேறு ரவுட்டர் வாங்கச் சொன்னார்கள். அந்த மாதம் கையில் காசில்லை, அதனால் வாங்கவில்லை.

ரவுட்டரில் ஒரு பழுதும் இருக்கவில்லை. போனில் விசிறி மாதிரித் தெரியும் வைஃபை குறி, போனுக்கும் ரவுட்டருக்கும் உள்ள தொடர்பை மட்டும்தான் காட்டும். ரவுட்டரிலிருந்து எதிர்மலை டவர் வரைக்கும் போவது 4ஜி சிக்னல், அது வேறு பாதை. வீட்டுக்குள் குறி நிறைந்து நிற்கும்போதே வெளியே அந்தப் பாதை செத்துக் கிடக்கலாம். எங்களுக்கு நடந்தது அதுதான்.

அதைப் பார்க்க வழி இருக்கிறது. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். வீட்டுக்குள் ரவுட்டரின் ஐபி முகவரி அது, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண். (உங்கள் போனுக்கும் அதே மாதிரி ஒன்றை ரவுட்டரே கொடுத்து வைத்திருக்கும்.) பிரவுசரில் அதை அடித்து உள்ளே போய்த் தேடினால் ஆர்எஸ்ஆர்பி என்று ஓர் அளவு வரும், டவரிலிருந்து ரவுட்டருக்கு வந்து சேரும் சிக்னலின் வலு அது. மைனஸில்தான் இருக்கும், பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது.

டிவி அலுமாரியில் எங்களுக்கு -112. சுற்றிலும் கருங்கல் சுவர், மேலே தகரம், பின்னால் மலை. சிக்னல் எந்த வழியாக வரும்? தங்கச்சி போனைப் பார்த்து எண்ணைச் சொல்லச் சொல்ல, நீட்டு வயரில் மாட்டிய ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். காசல்ரீ நீர்த்தேக்கப் பக்கத்து ஜன்னல் கட்டையில் வைத்ததும் -94. பதினெட்டுதானே என்று விட்டுவிடாதீர்கள். இந்தக் கணக்கில் 10 கூடினால் சிக்னலின் வலு 10 மடங்கு. 18 கூடினால் அறுபது மடங்குக்கும் மேல். அன்று மாலை வகுப்பில் மிஸ் ஒரு தடவைகூட உறையவில்லை.

அப்புறம் பிங். நாம் அனுப்பும் தகவல் போய்த் திரும்ப எடுக்கும் நேரம், மில்லிசெக்கனில். ஸூமுக்கு நான் ஸ்பீடைவிட இதைத்தான் முதலில் பார்ப்பேன். இது ஏறி இறங்கினால் குரல் வெட்டும். ஸ்பீடில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 8 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 8 மெகாபிட்) என்றால் விநாடிக்கு 1 எம்பிதான் (மெகாபைட்) இறங்கும், 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்.

இன்னும் தீராதது கரண்ட். அது போனால் ரவுட்டரும் அணைந்துவிடும். கரண்ட் போனாலும் ரவுட்டரை ஓடவைக்கும் சின்ன பற்றரிப் பெட்டி, மினி யூபிஎஸ், வாங்கக் காசு சேர்க்கிறோம். அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட்டைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், எங்களுடையது 12.