"அப்புறம் ரேம் ஏத்திக்கலாம் சார்" என்று சொல்லி லேப்டாப் விற்கிறார்கள், கவனம்

கல்லூரிப் பிள்ளைகளுக்கு லேப்டாப் வாங்கப் போகும் பெற்றோர் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். இப்போது 8 ஜிபி போதும், பின்னால் தேவைப்பட்டால் ரேம் கூட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி, ரேம் கூட்டவே வழியில்லாத லேப்டாப்பை எங்களிடம் விற்றுவிட்டார்கள். இதே பேச்சைக் கேட்டு ஏமாந்தவர்களைப் பிறகு நிறையப் பார்த்துவிட்டேன்.

மகள் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு. எங்கள் பட்ஜெட் ஐம்பதாயிரத்துக்குள். 16 ஜிபி மாடல்கள் அதைத் தாண்டிப் போனதால், இப்போது 8 ஜிபி வாங்கிவிட்டு அடுத்த வருடம் இன்னொரு 8 ஜிபி போடலாம் என்று வீட்டில் பேசி முடிவெடுத்தோம். ஆகவே ரேம் கூட்ட முடிய வேண்டும் என்பதுதான் எங்கள் முதல் நிபந்தனை. கடைக்குப் போவதற்கு முந்தின நாளே வாட்ஸப்பில் மாடல் பெயரைப் போட்டுக் கேட்டேன். "8 ஜிபி ஆன்போர்டு, 1 ஸ்லாட் ஃப்ரீ. 16 வரை போடலாம் சார்" என்று பதில் வந்தது. அதாவது 8 ஜிபி ரேம் போர்டிலேயே பதிந்து வரும், இன்னொரு ரேமைச் செருக ஒரு இடம் காலியாக இருக்கும் என்று பொருள்.

கடையிலும் மறுபடி கேட்டேன். விற்பனைப் பையன் பார்வைக்கு வைத்திருந்த லேப்டாப்பில், ரேம் விவரம் காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெமரி பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற வரியைக் காட்டினான். இரண்டில் ஒன்று என்று இருந்தது. "பாருங்க சார், ஒண்ணு காலியாத்தான் இருக்கு. எப்ப வேணா வாங்க, பத்தே நிமிஷத்துல போட்டுத் தர்றோம்." அப்புறம் உள்ளே போய் சீல் பிரிக்காத பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து பில் போட்டார்கள். 47,500 ரூபாய்.

முதல் செமஸ்டர் ஓடிவிட்டது. மினி புராஜெக்டுக்காக, மொபைல் ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ போட்டதும் தொல்லை தொடங்கியது. ஆப்பைச் சோதிக்க லேப்டாப்புக்குள்ளேயே ஒரு போன் மாதிரி ஓடும் எமுலேட்டரைத் திறந்தால் க்ரோம் உறைந்துவிடும், க்ரோமை மூடினால்தான் ஸ்டுடியோ நகரும். இதில் ஆச்சரியம் இல்லை. ஸ்டுடியோவும் எமுலேட்டரும் சேர்ந்து ஓட 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. 8 ஜிபியில் விண்டோஸ் 11 தனக்கு ஒரு பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரைக்கான மெமரியும் இதே ரேமிலிருந்துதான் போகும். மிச்சத்தில்தான் பிள்ளை வேலை செய்ய வேண்டும்.

சரி, இதற்காகத்தானே ஸ்லாட் இருக்கிறது என்று, எங்கள் பக்கத்தில் லேப்டாப் சர்வீஸ் செய்யும் பாயிடம் எடுத்துப் போனோம். திருப்பிப் போட்டு அடிப்பக்கத் திருகுகளை வரிசையாகக் கழற்றினார். பின்பக்கம் நீளத் திருகு, டச்பேட் பக்கம் குட்டைத் திருகு; இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டார். பழைய சிம் கார்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டை ஓரத்தில் செருகிச் சுற்றிவர இழுத்தார். டக் டக்கென்று கிளிப்புகள் விட்டு மூடி கையோடு வந்தது. பேட்டரி இணைப்பைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். "சார், இதுல ஸ்லாட்டே இல்லையே!"

எனக்கும் காட்டினார். ஃபேனிலிருந்து வரும் செம்புக் குழாய் பிராசசர் மேல் போய் முடிகிறது. அதை ஒட்டி, போர்டோடு போர்டாகச் சதுரமான கருப்புச் சிப்புகள். அவைதான் ரேம். ஸ்லாட் இருந்தால் பக்கவாட்டில் இரண்டு சின்ன உலோகக் கொக்கிகளோடு நீளமான ஒரு பிளாஸ்டிக் வாய் இருக்கும். சில லேப்டாப்பில் அதன் மேல் மெல்லிய தகடு மூடியிருக்கும். எங்கள் லேப்டாப்பில் அது வரவேண்டிய இடத்தில் வெறும் பச்சை போர்டு.

அப்படியானால் கடையில் காட்டியது என்ன? பாய்தான் விளக்கினார். பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் சீரிஸ் பெயர் ஒன்றாக இருக்கும். உடலும் நிறமும்கூட ஒன்றாக இருக்கும். ஆனால் உள்ளே போர்டு வேறு. அதே பெயரில் ஒரு வகையில் டிடிஆர்4 என்ற ரகத்து ரேம் பாதி ஆன்போர்டு, பாதி ஸ்லாட். இன்னொரு வகையில் எல்பிடிடிஆர்5 என்ற வேறு ரகம், முழுக்க ஆன்போர்டு. இந்த வேறுபாடு அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் முழு மாடல் எண்ணின் கடைசி எழுத்துகளில்தான் தெரியும். பார்வைக்கு வைத்தது முதல் வகை. எங்கள் பெட்டிக்குள் இருந்தது இரண்டாவது வகை. தினமும் இதையே விற்கிற கடைக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை என்பதுதான் என் கருத்து.

கடைக்குப் போனோம். முதலில் "கம்பெனி மாத்தியிருப்பாங்க சார், எங்களுக்குத் தெரியாது" என்றார்கள். வாட்ஸப் பதிலைக் காட்டியதும் பேச்சு மாறியது. மேனேஜர் வந்து, "கவலைப்படாதீங்க, வர்ச்சுவல் ரேம் செட் பண்ணி 16 ஆக்கித் தர்றோம், ஃப்ரீயாவே" என்றார். தயவுசெய்து இதை யாரும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவான எஸ்எஸ்டியில் ஒரு பகுதியை ரேம் மாதிரிப் பயன்படுத்தச் சொல்லும் விண்டோஸ் ஏற்பாடு அது. எல்லா லேப்டாப்பிலும் ஏற்கெனவே தானாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரே ஒரு டிடிஆர்4 3200 ரேம் ஸ்டிக் நொடிக்கு 25 ஜிபி அளவுக்குத் தகவலைக் கொடுத்து வாங்கும். சாதாரண என்விஎம்இ எஸ்எஸ்டி முழு வேகத்தில் ஓடினாலும் மூன்று, மூன்றரை ஜிபிதான். சின்னச் சின்னத் தகவலாக எடுக்கும்போது வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு. மகளின் லேப்டாப் உறைந்து நின்றதே, ரேம் போதாமல் எஸ்எஸ்டிக்கு ஓடியதால்தான். அதையே மருந்தாகத் தருகிறேன் என்றார் அந்த மேனேஜர்.

இன்னொரு யோசனையும் வந்தது. ஆன்போர்டு சிப்பையே சூடுகாட்டிக் கழற்றிப் பெரிய சிப் வைத்துத் தரும் ஆள் இருக்கிறார் என்றார்கள். செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் சிப்பை மாற்றினால் மட்டும் போதாது. எவ்வளவு ரேம் என்று போர்டுக்குச் சொல்லும் குட்டி ரெசிஸ்டர்களையும் இடம் மாற்ற வேண்டும், சில நேரம் லேப்டாப் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளிலும் கைவைக்க வேண்டும். தவறினால் போர்டே போய்விடும், கம்பெனி வாரண்டியும் கிடைக்காது. வாரண்டியில் இருக்கும் புது லேப்டாப்புக்கு இது சரியான வழி இல்லை. நான் மறுத்துவிட்டேன்.

ஆன்போர்டு ரேம் என்றாலே மோசம் என்று நினைத்துவிட வேண்டாம். எல்பிடிடிஆர் வகை மின்சாரம் குறைவாக எடுக்கும், வேகமும் அதிகம். மெல்லிய லேப்டாப்புகளில் அதைத்தான் வைப்பார்கள். இன்டெல் 2024ல் கொண்டுவந்த கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் பிராசசரோடு ஒரே பொட்டலமாகவே வருகிறது. ஆனால் 16 அல்லது 32 ஜிபி மட்டும்தான். ஆப்பிள் மேக்புக்கிலும் ரேம் கூட்ட முடியாது, ஆனால் 2024 அக்டோபரிலிருந்து மேக்புக் ஏர் 16 ஜிபியில்தான் தொடங்குகிறது. மைக்ரோசாஃப்டும் ஏஐ வசதியுள்ள லேப்டாப்புக்குக் கோபைலட் பிளஸ் என்று முத்திரை தரக் குறைந்தது 16 ஜிபி கேட்கிறது. ஆன்போர்டில் 16 இருந்தால் நான் பயப்பட மாட்டேன். 8 ஜிபி முழுக்க ஆன்போர்டு, ஸ்லாட் கிடையாது என்றால், நான்கு வருடப் படிப்புக்கு வாங்கவே வேண்டாம், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும்.

இப்போது இதை அழுத்திச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. சிப் கம்பெனிகள் ஏஐ சர்வர்களுக்கான மெமரிக்கு முன்னுரிமை தருகின்றன. க்ரூஷியல் என்ற பெயரில் கடைகளில் ரேம் விற்றுவந்த மைக்ரான், 2025 டிசம்பரில் அந்தச் சில்லறை வியாபாரத்தையே விடுவதாக அறிவித்தது. 16 ஜிபி விலையைப் பார்த்து மலைத்து, இப்போதைக்கு 8 வாங்குவோம் என்று நினைப்பவர்கள் இனி கூடத்தான் செய்வார்கள். அவர்களிடம்தான் "அப்புறம் ஏத்திக்கலாம்" என்பது சுலபமாக விலைபோகும்.

வாங்கும்முன் என்ன பார்ப்பது? சீரிஸ் பெயரை விட்டுவிடுங்கள். பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருக்கும் முழு மாடல் எண்ணைப் போட்டோ எடுத்து, கடையிலேயே நின்று அந்தக் கம்பெனியின் தளத்தில் தேடுங்கள். லெனோவோவுக்கு பிஎஸ்ரெஃப் என்ற பக்கம் இருக்கிறது. ரேம் போர்டோடு சேர்ந்ததா, ஸ்லாட் எத்தனை, அதிகபட்சம் எவ்வளவு என்று ஒளிவுமறைவு இல்லாமல் போட்டிருப்பார்கள். எச்பி, டெல் இரண்டுக்கும் சர்வீஸ் மேனுவல் பொதுவில் கிடைக்கும். அதில் மெமரி கழற்றும் பகுதி இருந்தால் ஸ்லாட் இருக்கிறது என்று பொருள். விவரத்தில் எல்பிடிடிஆர்4எக்ஸ், எல்பிடிடிஆர்5 என்று இருந்தால் அது ஏறக்குறைய எப்போதும் ஆன்போர்டுதான். அந்த 'எல்பி' இரண்டெழுத்தைக் கண்டதும் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

டாஸ்க் மேனேஜரை மட்டும் நம்பாதீர்கள். நீங்கள் கொண்டுபோகப் போகும் பெட்டியையே பிரித்து ஆன் செய்யச் சொல்லுங்கள், பார்வை லேப்டாப் வேண்டாம். அதில் 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரியில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று வந்தால் ஆன்போர்டு. 'சோடிம்' என்று வந்தால் கழற்றி மாட்டும் ஸ்டிக். ஆனால் ஸ்லாட் எண்ணிக்கை பயாஸ் சொல்வதைப் பொறுத்தது; இல்லாத ஸ்லாட்டை இருப்பதாகக் காட்டும் லேப்டாப்புகளும் உண்டு. மாடல் எண்ணோடு ஒத்துப்பார்த்தால்தான் உறுதி. ஸ்லாட் இருக்கிறது என்றான பிறகும், டிடிஆர்4ஆ டிடிஆர்5ஆ என்று கேளுங்கள். இரண்டு ஸ்டிக்கிலும் அடிப்பக்க வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் நுழையாது. பழைய ஸ்டிக்கைப் புதுசு என்று மாட்டிவிடவும் வாய்ப்பு உண்டு; ஸ்டிக்கைத் தனிப் பில்லோடு வாங்குங்கள்.

எங்கள் பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருந்தது. அதைத்தான் மேனேஜர் விரல்வைத்துக் காட்டினார். அதைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். பொருள் இந்தத் தரம், இந்த மாடல் என்று பொய்யாகச் சொல்லி விற்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். வாயால் சொன்னாலும், எழுதினாலும், வாட்ஸப் மாதிரி மின்னணு வழியில் சொன்னாலும் அதில் அடங்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகாரைப் பதிந்தேன். உள்ளூர்க் கடை என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று சொன்னார்கள். வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

அதற்கு முன் வக்கீல் இல்லாமல் நானே ஒரு நோட்டீஸ் எழுதி, வாட்ஸப் ஸ்கிரீன்ஷாட், பில், பாய் திறந்தபோது எடுத்த போட்டோ மூன்றையும் சேர்த்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்த பிறகுதான் கடையிலிருந்து போன் வந்தது, முதலாளியே பேசினார். லேப்டாப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஸ்லாட் உள்ள வேறு மாடலை, விலை வித்தியாசம் மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். 'மெமரி ஸ்லாட் ஒன்று காலி, டிடிஆர்4' என்று பில்லில் கையால் எழுதச் சொல்லி, சீல் வைத்து வாங்கினேன். பெட்டியை அங்கேயே பிரித்து மாடல் எண்ணையும் ஒத்துப்பார்த்தோம்.

ஆனால் பழையதைப் பயன்படுத்திவிட்டோம் என்று சொல்லி 5,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். பொய் சொல்லி விற்றது அவர்கள், தேய்மானத்தை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும்? அந்தத் தொகைக்காகவும் மகளுக்கு ஒரு செமஸ்டர் போன அலைச்சலுக்காகவும் மாவட்ட ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். விசாரணைக்கு இன்னும் தேதி வரவில்லை.