நெட்டிப் பூ சாயக் கிட்: முக்குவதற்கு முன் தராசில் வையுங்கள்

ஆன்லைனில் ‘சோலா வுட் ஃபிளவர் டையிங் கிட்’ என்று ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. 50 வெள்ளைப் பூ, ஐந்து நிறத்தில் சாயப் பொடி, 100 மி.லி. கிளிசரின், செய்முறைத் தாள் ஒன்று. விலை 1,450 ரூபாய். சீர்த்தட்டு அலங்காரத்துக்காக வாங்கிய அந்தப் பெட்டியில் 11 பூ வரும்போதே இதழ் உடைந்திருந்தது. ஆறில் கறுப்புப் புள்ளி. தாளில் சொன்னபடி முதல் தவணையாக முக்கிய 14 பூவும் இதழ் இதழாகக் கழன்றது. மிஞ்சிய 19 பூவும், தாளில் சொன்ன முறையை விட்டுவிட்டு முக்கியதால், வடிவத்தில் நின்றன, ஆனால் எதிலும் சாயம் நிற்கவில்லை. கடையின் பெயரை இங்கே போடவில்லை. அதே படங்களோடு அதே பெட்டி வேறு வேறு கடைப் பெயர்களில் கிடக்கிறது. ஒன்றைச் சொன்னால் இன்னொன்றில் போய் மாட்டுவீர்கள்.

‘வுட்’ என்று போட்டிருந்தாலும் இது மரம் இல்லை, நெட்டி. ஏரி, குளம், நீர் தேங்கும் வயல்களில் வளரும் செடியின் தண்டுக்குள் இருக்கும் வெள்ளைச் சோறு, அதாவது மெத்தென்ற உள்பகுதி. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் போடும் நெட்டி மாலையும், 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் நெட்டி வேலையும் இதில்தான். வங்காளத்தில் ஷோலா என்பார்கள், மாப்பிள்ளை தலையில் வைக்கும் டோபோர் இதில் செய்வது. தண்டை உருட்டிக்கொண்டே கத்தியால் சீவினால் காகிதம் போலச் சுருள் வரும். அந்தத் தாளை வெட்டி, மடித்து, அடியில் நூலால் கட்டினால் பூ. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது: நெட்டி பஞ்சு மாதிரி நீரைக் குடிக்கும், அதுவும் சில நொடிகளில். மரத்துக்கும் துணிக்கும் எழுதிய செய்முறை எதுவும் இதற்குப் பொருந்தாது.

முதலில் பூ. காய்ந்த நெட்டி நொறுங்கும் இயல்புடையது, அதனால் 50-இல் இரண்டு மூன்று இதழ் உடைந்து வருவதைக் குறை சொல்ல முடியாது. 11 என்றால் பேக்கிங் சரியில்லை என்று பொருள். கறுப்புப் புள்ளி வேறு கதை. அது பூசணம், சரியாகக் காயாத பூவைப் பாலித்தீனில் கட்டியதால் வருவது. சாயத்தில் முக்கினால் மறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள், திரும்ப ஈரம் பட்டதும் பரவும். பெட்டி வந்த அன்றே பத்துப் பூவை மொத்தமாகக் கிச்சன் தராசில் நிறுத்து, நிழலில் ஒரு நாள் விரித்துவைத்து, மறுபடி நிறுங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடை குறைந்தால் ஈரத்தோடு கட்டியிருக்கிறார்கள்.

அடுத்து பூவைத் திருப்பி அடியைப் பாருங்கள். நல்ல பூவில் நூல் கட்டு இருக்கும், நடுவில் பருத்தித் திரியோ கம்பியோ போகும். இந்தப் பெட்டியில் வந்தவற்றில் நூலே இல்லை. இதழ்கள் வெள்ளைப் பசையில் ஒட்டியவை. அந்தப் பசை வெந்நீரில் இளகும். 14 பூ கழன்ற காரணம் அதுதான், கைப்பக்குவம் இல்லை. இதழில் பழுப்புக் கோடு தெரிந்தால் அது தண்டின் தோல். தோல் சோற்றைப் போலச் சாயம் குடிக்காது, அந்த இடம் திட்டாக நிற்கும். அழகுக்காகவே தோலோடு செய்யும் பூவும் உண்டு, அதை அப்படிச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

நெட்டி என்று சொல்லி ஃபோம் ஷீட் பூவைக் கலப்பதும் நடக்கிறது. இதழில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். நெட்டி உறிஞ்சி வளையும், ஃபோமில் சொட்டு உருண்டு நிற்கும். உடைந்த இதழில் ஊதுபத்தி நுனியை வைத்தால் நெட்டி காகிதம் போலக் கருகும், ஃபோம் உருகிச் சுருங்கும்.

பெரிய மோசடி பொடியில். ஐந்து பாக்கெட்டிலும் நிறத்தின் பெயர் மட்டும் இருந்தது. தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை எதுவும் இல்லை. பாக்கெட் பொருளுக்கு இவையெல்லாம் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டு எடையளவு விதி. சாயம் எந்த வகை என்ற சொல்லும் இல்லை. சாயத்தில் வகைதான் எல்லாம். பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் அமிலச் சாயம் நெட்டி போன்ற தாவர நாரில் பிடிக்காது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் பிடிக்கும், ஆனால் சலவைச் சோடாவும் நேரமும் கேட்கும், நெட்டியால் அத்தனை நேரம் நீரில் கிடக்க முடியாது.

கால் டீஸ்பூன் பொடியை ஒரு கண்ணாடி டம்ளர் நீரில் கலக்கி அரை மணி நேரம் அசைக்காமல் வைத்தால் உண்மை தெரிந்துவிடும். ரோஸிலும் பச்சையிலும் டம்ளர் அடியில் வெள்ளை மணல் படிந்தது. அதாவது கோலப்பொடி. கோலத்துக்கு அது நல்ல பொருள்தான், இதழுக்கு அல்ல. நீலத்தை ஈரமான டிஷ்யூ பேப்பரில் ஒரு சிட்டிகை தூவினால் நீல வட்டத்துக்கு வெளியே ஊதா வட்டம் தனியாக ஓடியது. கலப்புச் சாயம் என்றால் பூவின் விளிம்பில் ஒரு நிறம், நடுவில் ஒரு நிறம் என்று காயும். மஞ்சளில் உப்பு ஏராளம். காய்ந்தபின் இதழ் மேல் வெள்ளைப் படலம் வந்தது, அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இதழைப் பிசுபிசுக்க வைத்தது.

காய்ந்த 19 பூவையும் ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியால் பத்து நொடி அழுத்திப் பார்த்தோம். எல்லாமே துணியில் இறங்கின. இதை மாலையிலோ தலையிலோ வைத்து, வியர்வை பட்டு, அது கூறைப் புடவையில் இறங்கினால் யார் பதில் சொல்வது? சாயம் போட்டே விற்கும் பூ வாங்குபவர்களும் இந்தத் துணிச் சோதனையை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

பெயரில்லாத ரோஸ் பொடியிடம் கூடுதல் ஜாக்கிரதை தேவை. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் தடை செய்யப்பட்டது ரோடமின் பி என்ற ரோஸ் சாயத்தால்தான். அது தொழிற்சாலைச் சாயம். இந்தப் பாக்கெட்டில் இருப்பது அதுவா என்று வீட்டில் சொல்ல முடியாது. சமையல் பாத்திரத்தில் கரைக்காதீர்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், குழந்தைகள் பக்கத்தில் பொடியைத் திறக்காதீர்கள்.

கிளிசரினை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதன் வேலை இதழ் காய்ந்தபின் நொறுங்காமல் வளைய வைப்பது. சுத்தமான கிளிசரின் நீரைவிடக் கனம்: 100 மி.லி. ஏறக்குறைய 126 கிராம் இருக்கும். பாட்டிலை நிறுத்து, உள்ளே இருப்பதை அளவுக் குவளையில் ஊற்றி, காலி பாட்டிலை நிறுத்துக் கழித்தால் போதும். இங்கே 100 மி.லி. 108 கிராம்தான் வந்தது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 30 மி.லி. கிளிசரின், மீதி 70 மி.லி. தண்ணீர். இப்படித் தண்ணீர் கலந்ததை அளவுப்படி ஊற்றினால் பூ அப்பளம் போல விறைத்துக் காயும். ‘போதவில்லை போல’ என்று அடுத்த முறை இரண்டு மடங்கு ஊற்றப் பழகிவிட்டு, பிறகு நல்ல கிளிசரின் வாங்கினால் பூ காயவே காயாது. கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பது, சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களில் அளவு கூடினால் பூ மாதக் கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

செய்முறைத் தாளில் ‘கொதிக்கும் நீரில் 10 நிமிடம் ஊற விடவும்’ என்று அச்சடித்திருந்தார்கள். துணிச் சாயத் தாளிலிருந்து அப்படியே எடுத்த வரியாக இருக்கும். அத்தனை நேரம் கொதிநீரில் கிடந்தால் நெட்டி ஊறிக் குழையும்.

நெட்டிக்கு வீட்டில் நம்பி எடுக்கக்கூடியது அக்ரிலிக் பெயின்ட். அதிலுள்ள பிசின் காய்ந்தபின் நீரில் கரையாது, அதனால் நிறம் இறங்காது. 250 மி.லி. வெதுவெதுப்பான நீர், கை பொறுக்கும் சூடு. மருந்துக்கடைக் கிளிசரின் ஒரு டேபிள்ஸ்பூன், அதாவது 15 மி.லி. வெளிர் நிறத்துக்கு ஒரு டீஸ்பூன் பெயின்ட், அழுத்தமான நிறத்துக்கு மூன்று. பெயின்டை முதலில் இரண்டு ஸ்பூன் நீரில் கட்டியில்லாமல் குழைத்துவிட்டு மீதி நீரை ஊற்றுங்கள், இல்லாவிட்டால் திப்பி இதழ் மடிப்பில் போய் உட்காரும். பூவை அடியில் பிடித்து, முகம் கீழே இருக்கும்படி முக்கி, ஐந்திலிருந்து பத்து நொடி மெல்லச் சுழற்றி எடுக்க வேண்டும். உதறி, உள்ளங்கையில் லேசாக அழுத்தினால் மிச்ச நீர் போகும். ஈரத்தில் நிறம் அழுத்தமாகத் தெரியும், காய்ந்தால் வெளிறும். உடைந்த பூ ஒன்றில் பார்த்து, அது காய்ந்தபின் முடிவு செய்யுங்கள். இன்னும் அழுத்தம் வேண்டுமென்றால் முழுதும் காய்ந்தபின் இரண்டாம் முறை முக்கலாம், நீரில் கூடுதல் நேரம் போடுவதால் பயனில்லை.

காய வைப்பதில்தான் பாதிப் பேர் கெடுக்கிறார்கள். முதல் இரண்டு மணி நேரம் பூ தலைகீழாக, கம்பி வடிதட்டின் மேல். பிறகு நிமிர்த்தி, இதழ்களை விரலால் பிரித்துவிட்டு, மின்விசிறிக் காற்றில் நிழலில் வையுங்கள். ஒரே பக்கம் விட்டால் சாய நீர் ஓரிடத்தில் தேங்கிக் கறையாகும். வெயிலில் போட்டால் இதழ் முறுக்கிக்கொண்டு வெடிக்கும். வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் அடிக்கட்டு ஈரமாக இருக்கும், 24 முதல் 48 மணி நேரம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் டப்பாவில் மூடினால் பூசணம்தான். முட்டை அட்டையில் வைத்துக் காய வைப்பவர்கள் உண்டு. அந்த அட்டை சாயத்தைப் பாதி குடித்துவிடும்.

இனி பணம். கடையின் முதல் பதில்: ‘பயன்படுத்திய பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை.’ இரண்டாவது பதில்: ‘நீங்கள் சரியாகச் செய்யவில்லை.’ ரிட்டர்ன் காலம் ஏழு நாள், பூ காய்ந்து குறை தெரியவே நான்கு நாள் ஆகிவிடுகிறது. ஆகவே பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். தராசு எண், டம்ளர் படிவு, டிஷ்யூ வட்டம், மூன்றையும் முதல் நாளே படம் எடுங்கள். பூவை ஒரு நாள் விரித்துவைப்பதைத் தவிர, முக்கும் முன் இத்தனையும் ஒரு மணி நேர வேலை.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கஸ்டமர் கேர் சாட்டில் மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு அந்த அலுவலருக்கு எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. இந்தப் பெட்டிக்கு 1915-இல் பதிந்த பிறகு கிளிசரினுக்கும் பொடிக்கும் பணம் வந்தது, அவற்றுக்குப் படம் இருந்தது. உடைந்த பூவுக்கு வரவில்லை. பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை.

ஏற்கெனவே இப்படிச் சாயம் போட்டு வைத்திருப்பவர்கள் பூவைக் கழுவ முயல வேண்டாம், இன்னொரு நனைப்பை அது தாங்காது. நிறம் இறங்கும் பூவின் மேல் வெளிர் அக்ரிலிக் அடித்தால் அடிச்சாயம் ஊறி மேலே வரும். கத்தரிப்பூ நிறம், மெரூன், கறுநீலம் போன்ற அழுத்தமான அக்ரிலிக்கைக் கெட்டியாக, பிரஷ்ஷால் மட்டும் பூசி, இரண்டு நாள் காய்ந்ததும் மறுபடி ஈரத் துணி வைத்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் சுவர்த் தோரணத்துக்கு ஆகும், புடவை பக்கம் அப்போதும் வேண்டாம்.