பேனா டார்ச்: வெளிச்சம் நன்று, அச்சு மோசம்

கும்பகோணத்தில் ஒரு சர்ஜிக்கல் கடையில் நைட் டியூட்டிக்காக வாங்கினேன். மஞ்சள் வெளிச்சம், நோயாளியின் கண்ணைக் குத்துவதில்லை. தலையில் அடிபட்டவரின் இரண்டு கண்மணிகளும் ஒரே அளவா, வெளிச்சம் பட்டதும் சட்டெனச் சுருங்குகிறதா என்று தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் கண்மணி அளவை ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள மில்லிமீட்டர் வட்டங்கள் ஸ்பிரிட் துடைத்ததுமே அழிந்தன. அளக்கத்தானே அதை வாங்கினோம்? டேப் ஒட்டி வைத்தால்தான் தாங்கும்.

தலையில் அடிபட்டவரைச் சோதிப்பதில் மற்ற பாதி, நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பது. அதற்கு டார்ச் உதவாது, பேச்சு கொடுக்கணும். தேதி கேட்டால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் “ஆடி பதினெட்டு” என்பார்கள். அந்த நாளாக இருந்தால் அந்தக் கேள்விக்கு முழு மார்க்தான். நினைவு நிலைக்கு மார்க் போடும் கிளாஸ்கோ அளவில் மொத்தம் 13 என்று மட்டும் எழுதாமல், கண் 3, பேச்சு 4, அசைவு 6 எனப் பிரித்து எழுதுங்கள்.

ஐந்துக்கு மூன்று ஸ்டார்.