அம்பாசிடருக்குப் புது வயரிங்: ரெடிமேட் செட்டா, கையால் கட்டுவதா, பழையதை ஒட்டுவதா?

பானட்டைத் திறந்து, ஃபியூஸ் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஓடும் ஏதாவது ஒரு வயரை விரலில் சுற்றி வளைத்துப் பாருங்கள். உறை வளைந்துகொடுத்தால் பழைய வயரிங்கைக் காப்பாற்றலாம். அப்பளம் மாதிரி நொறுங்கினால் பேச்சே இல்லை, முழுக்க மாற்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சந்தேகமாக இருந்தால், கடைசி அரை அங்குலத்துக்கு உறையை உரியுங்கள். செம்பு பளபளவென்று இருந்தால் நல்லது. கறுத்திருந்தால் இன்னும் ஓர் அங்குலம் உரியுங்கள். அங்கேயும் கறுப்பு என்றால் ஈரம் உள்ளே வரை ஏறிவிட்டது. அதில் புது திம்பிள் (வயர் முனையில் அழுத்திப் பொருத்தும் உலோகத் துண்டு) அடித்தாலும் சூடாகும், சால்டரும் (ஈயப் பற்று) பிடிக்காது.

இங்கே பேசுவது அம்பாசிடர், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் போன்ற, லூகாஸ் (வண்டி எலக்ட்ரிக்கல் சாமான் செய்த பிரிட்டிஷ் கம்பெனி) முறையில் வயரிங் போட்ட வண்டிகளைப் பற்றி. ஃபியட் வகையறாவுக்கு நிறக்கணக்கும் ஃபியூஸ் பாக்ஸும் வேறு. லூகாஸ் நிறக்கணக்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் கரன்ட். வெள்ளை, சாவி போட்டால் வருவது. பச்சை, சாவிக்குப் பிறகு ஃபியூஸ் தாண்டியது. ஊதா, ஃபியூஸ் தாண்டியும் எப்போதும் உயிரோடு இருப்பது. சிவப்பு பார்க் லைட், நீலம் ஹெட்லைட், கறுப்பு எர்த். பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், வெள்ளைக் கோடு வலது, ஊதாக் கோடு பிரேக் லைட்.

பழசை ஒட்டுப்போட்டு ஓட்டுவதுதான் செலவு குறைந்த வழி. உறை நன்றாக இருந்து, பானட்டுக்குள் மட்டும் கெட்டிருந்தால் இது போதும். ஆனால் ஒரு நிபந்தனை: பேட்டரியை சார்ஜ் செய்யும் பழைய டைனமோவைக் கழற்றி, அதைவிட அதிகக் கரன்ட் தரும் ஆல்டர்னேட்டர் போட்டிருக்கக் கூடாது. லூகாஸ் சி40 டைனமோ உச்சத்தில் 22 ஆம்பியர்தான் தரும். அதற்கேற்ப அமைந்த பிரவுன் வயர் 44 இழை, 0.30 மி.மீ. என்ற அளவு, அதாவது சுமார் 3 சதுர மி.மீ.; 25 ஆம்பியர் தாங்கும். 16ஏசிஆர் போன்ற ஆல்டர்னேட்டர் 34 ஆம்பியர் வரை தள்ளும். பேட்டரி இறங்கிய நாளில் ஸ்டார்ட் செய்ததும் அந்த வயர்தான் முதலில் கொதிக்கும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குத் தனியாக 6 சதுர மி.மீ. வயர் இழுக்காமல் மாற்றம் செய்த வண்டிகளில் ஆம்மீட்டருக்குப் பின்னால் கருகிய வாசனை வருவதற்கு இதுதான் காரணம்.

ரெடிமேட் செட் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கிடைக்கும். இதன் பெரிய லாபம் நேரம்: பழையதைக் கழற்றிப் புதியதைப் போட இரண்டு விடுமுறை நாள் போதும். சிக்கல் என்னவென்றால் ‘அம்பாசிடர் செட்’ என்று ஒன்று கிடையாது. டைனமோவா ஆல்டர்னேட்டரா, பெட்ரோலா டீசலா, இண்டிகேட்டர் சுவிட்ச் எந்த வகை, ஹார்னுக்கு ரிலே (சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) உண்டா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். எனவே பழைய வயரிங்கை முழுசாகக் கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டே கடைக்குப் போங்கள். கடை வாசலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் பாருங்கள். டாஷ்போர்டு கிளை நான்கைந்து அங்குலம் குட்டையாக இருக்கிறதா? கிளை பிரியும் இடங்கள் ஒத்துப்போகின்றனவா? பின்னால் போகும் வயர்களின் எண்ணிக்கை சரியா?

அதைவிட முக்கியமானது உலோகம். செம்பு முலாம் பூசிய அலுமினியம் சந்தையில் தாராளமாக உலவுகிறது. ஓர் இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அலுமினியம் அதே தடிமனில் குறைவான கரன்ட்தான் தாங்கும். திம்பிளுக்குள் தளர்ந்து, சூடாகி, இன்னும் தளரும். அடுத்து, திம்பிளின் பின்காது உறையைப் பிடித்திருக்க வேண்டும், முன்காது செம்பைப் பிடித்திருக்க வேண்டும். இரண்டும் உறை மேலேயே அழுத்தப்பட்டிருப்பது மலிவான செட்டில் சகஜம். ஒவ்வொன்றையும் கையால் வலுவாக இழுத்துப் பாருங்கள். கையோடு வருவது கடையிலேயே வரட்டும்.

கையால் கட்டுவது மூன்றாவது வழி. பொறுமை இருந்தால் இதைவிட நல்ல வயரிங் கிடையாது. இல்லையென்றால் இதைவிட மோசமானதும் கிடையாது. ஒரு முழு பிளைவுட் பலகையில் பழைய கட்டை விரித்து, வளைவுகளிலும் கிளைகளிலும் ஆணி அடித்து, அதே தடத்தில் புது வயரைப் போடுவதுதான் முறை. வண்டியிலிருந்து பழையதை உருவும்போது அதன் வாலில் நைலான் கயிறு ஒன்றைக் கட்டிவிடுங்கள். கட்டு வெளியே வரும்போது கயிறு உள்ளே போய் உட்காரும். புதியதை அதே வழியில் இழுத்துவிடலாம். இதை மறந்தவர்கள் பின்சீட்டைக் கழற்றிவிட்டு அரைநாள் கம்பி விட்டுத் துழாவுவார்கள்.

நிறங்கள்தான் தலைவலி. லூகாஸ் கணக்கின்படி கோடு போட்ட நிறம் எல்லாம் வேண்டுமென்றால் இருபதுக்கும் மேல் சுருள் வாங்க வேண்டும்; ஒவ்வொன்றிலும் முக்கால்வாசி மிஞ்சும். பின்பக்கத்துக்கு மட்டும் இரண்டு இண்டிகேட்டர், டெயில், பிரேக், நம்பர் பிளேட், பெட்ரோல் மீட்டர் என்று ஆறு வயர், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 மீட்டர், ஆக 30 மீட்டர். பெரும்பாலும் வேறு வேறு நிறம். நடைமுறைத் தீர்வு பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் இருக்கிறது: பேனல் போர்டு கட்டுபவர்கள் வாங்கும் நம்பர் ஃபெர்ரூல், அதாவது வயரில் கோக்கும் எண் போட்ட சின்ன வளையம். அடிப்படை நிறங்கள் ஏழெட்டை மட்டும் வாங்கி, ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் ஒரே நம்பரைக் கோத்து, அந்தப் பட்டியலை கிளவ் பாக்ஸில் வைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே சிவப்பில் இழுத்துவிட்டுப் போகும் எலக்ட்ரீஷியன் வேலையைவிட இது நூறு மடங்கு மேல்.

வீட்டு வயரிங்குக்கு வாங்கும் வயரைப் போடலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. 1 சதுர மி.மீ. வீட்டு வயரும் 14 இழைதான், செம்பில் குறை சொல்ல முடியாது. குறை உறையில். அது 70 டிகிரிக்கானது. மேனிஃபோல்டு பக்கத்தில், எண்ணெய்ப் பிசுக்கில், சில ஆண்டுகளில் விறைத்து வெடிக்கும். வாகன வயரில் 105 டிகிரி என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சுற்றுவதற்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பும் வேண்டாம். வெயிலில் பசை கசிந்து, தொட்டால் கையெல்லாம் ஒட்டும். துணி டேப் அல்லது பசையில்லாத பிவிசி டேப் போதும்.

சால்டரா, கிரிம்பா (இடுக்கியால் அழுத்திப் பிடிக்க வைப்பது)? கிரிம்ப். சால்டர் இழைகளுக்குள் ஊறி வயரைக் குச்சியாக்கிவிடும். ஊறல் முடிகிற இடத்தில் அதிர்வு பட்டு ஒடியும். புல்லட் பின்னுக்கு (குண்டு வடிவ வயர் முனை) சால்டர் பரவாயில்லை, ஆனால் பின்னுக்குப் பிறகு ஸ்லீவ் போட்டு வயரைத் தாங்க வேண்டும்.

வெளிநாட்டு யுனிவர்சல் கிட் என்று 12 சர்க்யூட், 20 சர்க்யூட் பெட்டிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. வயர் தரம் நல்லது. இது எதற்கான வயர் என்று வயரின் மேலேயே அச்சிட்டிருக்கும். ஆனால் நிறங்களும் ஸ்டியரிங் பிளக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் கணக்கு. பிளக்கை வெட்டித் தூக்கிப் போட்டுவிட்டு, நம் சுவிட்சுக்கு ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஆறு வருடம் கழித்து சிவாஜிநகரில் வண்டியை நிறுத்தினால் எந்த மெக்கானிக்குக்கும் தலையும் புரியாது வாலும் புரியாது. என்ஜினே மாற்றிய வண்டிக்கு மட்டும் இது பொருந்தும்.

ஆக, டைனமோ அப்படியே இருக்கும், அசல் தோற்றம் வேண்டும் என்கிற வண்டிக்கு, சோதித்து வாங்கிய ரெடிமேட் செட். ஆல்டர்னேட்டர், ஏசி, மியூசிக் எல்லாம் ஏறிவிட்ட வண்டிக்கு, கையால் கட்டுவது. எதைத் தேர்ந்தாலும் ஹெட்லைட்டுக்கு ரிலே கட்டாயம், அதைத் தனிக் கட்டாகவே போடுங்கள். கணக்கைப் பாருங்கள்: 60 வாட் பல்பு இரண்டு, சுமார் 10 ஆம்பியர். சுவிட்ச், டிப்பர் (டிப்-பிரைட் மாற்றும் சுவிட்ச்) எல்லாம் சுற்றி 5 மீட்டர் 1 சதுர மி.மீ. வயரில் போனால் வயரிலேயே 0.9 வோல்ட் போய்விடும். தேய்ந்த சுவிட்சும் சேர்ந்தால் 10 சதவீதம் இழப்பு. ஹாலஜன் பல்பில் 10 சதவீத வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும்.

ரிலேயில் 30 என்ற எண்ணுள்ள காலுக்கு பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயர், அந்த வயருக்கு பேட்டரி முனையிலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ், 86க்கு பழைய ஹெட்லைட் வயர், 85 எர்த், 87 பல்புக்கு. டிப்புக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி வயர், தனி ஃபியூஸ். 87க்குப் பிறகு ஒவ்வொரு பல்பிலும் டிப்புக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று நான்கு 10 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். பல்புப் பக்கத்தில் ஷார்ட் வந்தால் அந்த ஒரு பல்பு மட்டும் அணையும். ஓசூர் ரோட்டில் ராத்திரி இரண்டு விளக்கும் ஒன்றாக அணைவதை நினைத்துப் பார்க்கக்கூட வேண்டாம்.

ஃபியூஸில் இன்னொரு பொறி இருக்கிறது. லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று இருப்பது அது உருகும் அளவு; தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். புது பிளேடு ஃபியூஸில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. 35க்கு 35 என்று மாற்றினால் ஃபியூஸ் போவதற்கு முன்பே வயர் எரியும். 15 அல்லது 20 போடுங்கள்.

பெயின்ட் அடித்த வண்டியில் எர்த் போல்ட்டுகளுக்கு அடியில் சுரண்டி, பளிச்சென்ற தகடு தெரிந்த பிறகே எர்த் வயரின் லக்கை (வளைய முனை) வைத்து முறுக்குங்கள். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறதா? பின்விளக்கின் எர்த் போய்விட்டது. என்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள பட்டையை மறந்தால் ஸ்டார்ட்டர் கரன்ட் சோக் கேபிள் வழியாகத் திரும்பும், கேபிள் சிவக்கும்.

எல்லாம் முடிந்ததும் பேட்டரியை நேராக மாட்டாதீர்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்க, எர்த் முனைக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு 21 வாட் பல்பைக் கோத்துப் பாருங்கள். எரியாவிட்டால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் போடலாம். முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கேயோ ஷார்ட். பல்பு இருப்பதால் இரண்டு ஆம்பியருக்கு மேல் ஓடாது, நிதானமாகத் தேடலாம். முதலில் பார்க்க வேண்டிய இடம், ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகடு) ரப்பர் குரோமெட் (ஓட்டை விளிம்புக்குப் போடும் வளையம்) போடாமல் விட்ட ஓட்டை.