கிரிப்பா, ட்ரிகரா? ஏர் பிஸ்டலில் முதல் செலவு எதற்கு

10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுட ஆரம்பித்து ஒரு வருடம் ஆவதற்குள் எல்லோரும் ஒரே கேள்வியோடு வந்து நிற்பார்கள். "அண்ணா, எலக்ட்ரானிக் ட்ரிகர் வாங்கினா ஸ்கோர் ஏறுமா? இல்ல, நல்ல கிரிப் போட்டா போதுமா?" இரண்டிலும் நானே காசு போட்டிருக்கிறேன், க்ளப்பில் பலர் போட்டதையும் பார்த்திருக்கிறேன். அதனால் தயங்காமல் சொல்கிறேன்: முதலில் கிரிப், அதாவது கை பிடிக்கும் மரப்பிடி. ட்ரிகரை மட்டமாகச் சொல்லவில்லை. கிரிப் சரியில்லாத கையில் எந்த ட்ரிகரும் தன் வேலையைக் காட்ட முடியாது, அவ்வளவுதான்.

காரணத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். இந்தப் போட்டியின் இலக்கில் நடுவிலுள்ள 10 வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., ஏறக்குறைய ஒரு சட்டைப் பொத்தான். அடுத்தடுத்த வளையம் ஒவ்வொன்றும் 8 மி.மீ. அகலம். கை ஆடுவதைத்தான் எல்லோரும் பெரிய எதிரி என்று நினைக்கிறார்கள். ஆனால் குறி பார்க்கும் முன் சைட்டும் பின் சைட்டும் நேராக இருக்க, கை மொத்தமாக 5 மி.மீ. நகர்ந்தால் இலக்கிலும் 5 மி.மீ.தான் தள்ளும். பெல்லட்டுக்கு (ஏர் பிஸ்டலின் குண்டு) 4.5 மி.மீ. விட்டம் இருப்பதால் அப்போதும் 10 விழும். கை ஆடாமல் சைட்டுகள் ஒன்றுக்கொன்று 1 மி.மீ. விலகினால் கதை வேறு. சைட்டுகளுக்கு இடையில் 340 மி.மீ. இருக்கிறது என்று வையுங்கள். 10 மீட்டர் போவதற்குள் அந்த 1 மி.மீ. 29 மி.மீ. ஆகிவிடும். 10 போக வேண்டிய குண்டு 7-ல் விழும்.

ஆக, கொல்வது கோணப் பிழை. அந்தப் பிழை இரண்டு இடத்தில் பிறக்கிறது. ஒன்று, பிஸ்டல் கைக்குள் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி உட்காரும்போது. இன்னொன்று, விரல் அழுத்தும் அந்தக் கணத்தில் பிஸ்டலைச் சேர்த்துத் தள்ளும்போது. முதலாவது கிரிப்பின் வேலை. இரண்டாவதில் ட்ரிகருக்குப் பாதிப் பங்கு, மீதி மறுபடியும் கிரிப்புக்கே.

உங்கள் கிரிப் சரியா என்று பார்க்க பைசா செலவில்லாத ஒரு சோதனை உண்டு. காற்றுச் சிலிண்டரைக் கழற்றி, உள்ளே பெல்லட் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, கண்ணை மூடிக் கையைத் தூக்குங்கள். இரண்டு மூச்சு விட்டுவிட்டுக் கண்ணைத் திறங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்தில் நடுவாக நிற்கிறதா? பத்து முறை செய்யுங்கள். பத்து முறையும் வலப்பக்கமே ஒதுங்கினால் கிரிப் கையைத் திருப்புகிறது என்று அர்த்தம். ஒருமுறை வலம், ஒருமுறை இடம் என்று வந்தால் அது இன்னும் மோசம். கிரிப் பெரிதாக இருக்கிறது, கைக்கு அதில் நிலையான இடமே கிடைக்கவில்லை. மணிக்கட்டால் திருத்தி நடுவுக்குக் கொண்டு வந்து சுடலாம், பலரும் அப்படித்தான் சுடுகிறார்கள். 60 குண்டு, ஒன்றேகால் மணி நேரம். நாற்பதாவது குண்டுக்கு மேல் அந்தத் திருத்தும் தசை களைத்துப் போகும். கடைசி இரண்டு சீரிஸில் (பத்துக் குண்டு ஒரு சீரிஸ்) மட்டும் ஸ்கோர் சரிகிறவர்கள் "மனசு பதறுது" என்று சொல்வார்கள். முதலில் அவர்கள் கிரிப்பைப் பார்க்கச் சொல்வேன்.

கிரிப்பில் மூன்று வழி இருக்கிறது. ஸ்டெயர், மோரினி, வால்தர், பார்டினி என்று எந்தக் கம்பெனி பிஸ்டல் வாங்கினாலும் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவு கேட்பார்கள். அதில் சரியான அளவை வாங்குவது முதல் வழி. கேட்க எளிது, ஆனால் நம் ஊரில் பெரும்பாலும் பழைய பிஸ்டல் கை மாறித்தான் வரும், கூடவே முந்தையவர் கையின் கிரிப்பும் வரும். இரண்டாவது, கையின் அளவைக் கொடுத்து தனியாகச் செய்து வாங்குவது. ஜெர்மனியின் ரிங்க் போன்றவர்கள் இதையே தொழிலாகச் செய்கிறார்கள். அருமையாகப் பொருந்தும், விலையும் காத்திருப்பும் அதற்கேற்ப இருக்கும். வளர்கிற பிள்ளைகளுக்கு இது வேண்டாம், ஒன்றரை வருடத்தில் கையின் அளவு மாறிவிடும்.

மூன்றாவது வழி அரம், உப்புத்தாள், எம்-சீல். எனக்குப் பிடித்தது இதுதான், இதில்தான் கையைப் பற்றிக் கற்றுக்கொள்ள முடியும்.

போன வருடம் க்ளப்பில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி நடுத்தர அளவு கிரிப்போடு திணறிக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் சாக்பீஸ் தூளைத் தடவி, கிரிப்பைப் பிடித்துவிட்டு எடுக்கச் சொன்னேன். மரத்தில் வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்தோம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவட்டையில் மரம் தொடவே இல்லை. ஒரு பென்சில் நுழையும் இடைவெளி. உள்ளங்கைக் குழியில் மட்டும் அப்பியிருந்தது. அதாவது பிஸ்டல் அவள் கையில் ஏறி உட்காராமல் உள்ளங்கையின் ஒரு மேட்டில் ஊசலாடிக்கொண்டிருந்தது. அந்த மேட்டை அரத்தால் கொஞ்சம் எடுத்தோம், மறுபடி சாக்பீஸ், மறுபடி அரம். மூன்று சனிக்கிழமைகள் ஆயின. கவட்டை போய் மரத்தில் அமர்ந்த அன்று அவளே சொன்னாள்: "அண்ணா, பிஸ்டல் வெயிட் கொறஞ்ச மாதிரி இருக்கு." எடை குறைந்ததாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிடித்துத் தொங்கவிட்ட எடையை இப்போது கை தாங்க ஆரம்பித்திருந்தது.

எம்-சீல் அப்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிஸ்டல் முழுவதும் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. அந்த 50-ஐக் கிரிப்பின் அகலம் சீக்கிரம் தொட்டுவிடும். கிரிப் மணிக்கட்டுக்கு முட்டுக்கொடுக்கக் கூடாது, கீழே உள்ளங்கை உட்காரும் தட்டு மேல்நோக்கி வளைந்து கையைக் கவ்வவும் கூடாது. 50 மீட்டர் பிஸ்டலில் கிரிப் கையைச் சுற்றிப் போகலாம். அந்தக் கிரிப்பின் படத்தைப் பார்த்து அப்படியே ஏர் பிஸ்டலில் செய்துவிட்டு, போட்டி அன்று காலையில் பரிசோதனை மேசையில் உப்புத்தாள் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, ட்ரிகருக்கு வருவோம்.

ஏர் பிஸ்டலில் ட்ரிகர் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. அந்த எடையைத் தொங்கவிட்டு ட்ரிகரால் தூக்கிக் காட்ட வேண்டும். சரியாக 500-ல் வைத்துவிட்டுப் பதறுவதைவிட 520-ல் வைப்பது நிம்மதி. அந்த 20 கிராம் விரலுக்குத் தெரியாது. இந்த எடையை இரண்டு கட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் கட்டத்தில் விரல் சற்று நகர்ந்து ஒரு சுவரில் முட்டும். இரண்டாம் கட்டத்தில் அந்தச் சுவர் உடையும். முதலில் 400, அப்புறம் 120 என்று வைப்பது என் பழக்கம். பெரும்பகுதி எடையை இலக்குக்கு இறங்கும்போதே எடுத்துவிட்டால், கடைசியில் விரலுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

சுவர் எப்படி உடைய வேண்டும் என்பதில்தான் சண்டை. கண்ணாடிக் குச்சி முறிவது போல டக்கென்று உடைவது ஒரு வகை. வெண்ணெயில் விரல் போவது போல வழுக்கிக்கொண்டே போய் எங்கேயோ சுடுவது இன்னொரு வகை, இதை ரோல் என்பார்கள். டக் ட்ரிகர் சுத்தமாக இருக்கும், ஆனால் "இப்போ" என்று விரலுக்குக் கட்டளை இடத் தூண்டும். கட்டளை போனால் கை முழுவதும் அதைக் கேட்கும், வலது கைக்காரருக்குக் குண்டு இடது கீழே இறங்கும். அந்த வியாதி இருப்பவர்களுக்கு ரோல் நல்ல மருந்து. ஆடாமல் நிற்கும் கை உள்ளவர்களுக்கு டக் போதும். நான் ரோலில் இரண்டு வருடம் இருந்துவிட்டு டக்குக்குத் திரும்பினேன், திரும்பியதில் வருத்தமில்லை.

அடுத்து மெக்கானிக்கலா, எலக்ட்ரானிக்கா. ஸ்டெயர் எல்பி10-இன் மெக்கானிக்கல் ட்ரிகரையும் மோரினி சிஎம் 162-இன் எலக்ட்ரானிக் ட்ரிகரையும் அடுத்தடுத்துப் பிடித்துப் பாருங்கள். மெக்கானிக்கலில் இரும்பு இரும்பின் மேல் நழுவி விடுபடுகிறது. அந்த நழுவலை விரல் உணரும், எண்ணெயும் தூசியும் சேர்ந்தால் மாறவும் செய்யும். எலக்ட்ரானிக்கில் விரல் செய்வது ஒரு மின்தொடர்பை இயக்குவது மட்டும், காற்றைத் திறக்கும் வேலையை மின்காந்தம் பார்த்துக்கொள்கிறது. அதனால் ஆயிரமாவது குண்டிலும் அதே உணர்வு. இது உண்மையான நன்மை, மறுக்க மாட்டேன். பதிலுக்கு பேட்டரியை நினைவில் வைக்க வேண்டும், பழுதானால் உள்ளூரில் திருகு முடுக்கிச் சரி செய்ய முடியாது. ஆனால் நன்றாகச் சீர் செய்த மெக்கானிக்கல் ட்ரிகருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 600 புள்ளியில் 560-க்கு மேல் சுடுகிறவருக்குத்தான் ஏதாவது சொல்லும் என்பது என் எண்ணம். 530-ல் இருப்பவர் தன் பழைய ட்ரிகரின் நான்கு திருகுகளைப் புரிந்துகொண்டாலே போதும்.

எந்த ட்ரிகரானாலும் பழுது வரலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவே நம் வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி நேரம் கரைந்தது. 575 எடுத்து 12-வது இடத்தில் நின்றார். 2024-ல் பாரிஸில் அதே போட்டியில் வெண்கலம் வாங்கியபோது நான் அழுதேன். மாற்றுப் பிஸ்டல் வைத்திருப்பவர்கள் அதிலும் இதே வடிவக் கிரிப்பைச் செதுக்கி வையுங்கள். புது ட்ரிகருக்குப் பத்துக் குண்டில் விரல் பழகும். புது மரத்துக்குக் கை பழகாது.

போலீஸ், ராணுவக் கைத்துப்பாக்கிகளில் இந்தக் கணக்கு தலைகீழ். க்ளாக் 17 காலியாக சுமார் 630 கிராம், அதன் ட்ரிகர் சுமார் 2.5 கிலோ. துப்பாக்கியின் எடையைப் போல நான்கு மடங்கை விரல் இழுக்க வேண்டும். நம் ஏர் பிஸ்டலில் ட்ரிகர் எடை பிஸ்டலின் எடையில் பாதிதான். அங்கே ட்ரிகரின் பங்கு பல மடங்கு பெரிது. அப்படி இருந்தும் 2010-ல் வந்த நான்காம் தலைமுறை க்ளாக்கில் கம்பெனி சேர்த்தது, கைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் கிரிப்பின் பின்தட்டுகளை.

கிரிப்பும் ட்ரிகரும் சந்திக்கும் இடம் ஆள்காட்டி விரல். விரலின் முதல் கணுவின் நடுச்சதை ட்ரிகரில் படிய வேண்டும், அது நேராகப் பின்னோக்கி வர வேண்டும், விரலின் பக்கவாட்டு மரத்தில் எங்கும் உரசக் கூடாது. கிரிப் பெரிதானால் விரல் நுனி மட்டும்தான் எட்டும், சிறிதானால் விரல் மடிந்து குறுக்காக இழுக்கும். விரல் படியும் ட்ரிகர் பிளேடை முன்னும் பின்னும் நகர்த்தி இதைக் கொஞ்சம் சரிக்கட்டலாம். ஆனால் கவட்டை சரியாக அமராதவரை அந்தத் தூரமே ஒவ்வொரு குண்டுக்கும் மாறிக்கொண்டிருக்கும். பிளேடை எங்கே வைப்பீர்கள்?

அதனால் வரிசை இது. கிரிப்பைச் சரி செய்துவிட்டு ஒரு மாதம் ட்ரிகரைத் தொடாதீர்கள். டைரியில் குண்டு விழும் இடத்தைக் குறித்து வாருங்கள். குண்டுகள் விழும் கூட்டம் சுருங்கியபின் ஒரு திருகு, கால் சுற்று, அதற்கு மேல் ஒரே நாளில் வேண்டாம்.