விடுதி அறையா, ஜெர்மன் குடும்பமா? ஞாயிற்றுக்கிழமையை வைத்து ஓர் ஒப்பீடு

ஜெர்மனிக்குப் படிக்க வரும் நம் மாணவர்கள் தங்குமிடத்தைப் பற்றி விசாரிக்கும்போது வாடகையையும் பல்கலைக்கழகத்துக்கு உள்ள தூரத்தையும்தான் முதலில் கேட்கிறார்கள். இரண்டும் முக்கியம்தான், ஆனால் அவற்றுக்கான விடையை யாரும் வீட்டிலிருந்தபடியே தேடிக் கண்டுபிடித்துவிடலாம். நான் ஃப்ரைபுர்க் நகரில் முதலில் மாணவர் விடுதியில் இருந்தேன். விடுதி ஒப்பந்தம் முடிந்த பிறகு, நகரின் விளிம்பில் மலைச்சரிவை ஒட்டி வாழும் ஒரு ஜெர்மன் குடும்பத்தின் மாடி அறைக்கு மாறினேன், இன்றும் அங்கேயே இருக்கிறேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை. கணவன், மனைவி, பள்ளி செல்லும் இரு பிள்ளைகள், வாரந்தோறும் வந்துபோகும் பாட்டி என்று அமைந்த வீட்டை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். வேறு வகையான வீட்டுக்கு இவை அப்படியே பொருந்தும் என்று உறுதி சொல்ல முடியாது.

பணக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். 2024 செப்டம்பர் முதல் மாணவர் விசாவுக்கு முடக்குக் கணக்கில் (முன்கூட்டியே பணத்தைப் போட்டுவிட்டு மாதந்தோறும் ஒரு பங்கை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், அதாவது மாதம் 992 யூரோவுக்குள் வாழ்க்கையை அடக்க வேண்டும். ஃப்ரைபுர்க் இருக்கும் பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் ஒரு பருவத்துக்கு (செமஸ்டருக்கு) 1,500 யூரோ கல்விக் கட்டணமும் செலுத்த வேண்டியிருப்பதால் வாடகையில் மிச்சமாகும் ஒவ்வொரு யூரோவும் இங்கே கணக்கில் வரும். மானிய விடுதிகள் வெளிச் சந்தையைவிட மலிவு, ஆனால் காத்திருப்புப் பட்டியல் நீளம். குடும்பத்தோடு தங்குவதில் சாதாரண வாடகைக்கு இருப்பது ஒரு வழி. ‘உதவிக்குத் தங்குமிடம்’ என்று ஃப்ரைபுர்க், கொலோன், மியூனிக் போன்ற நகரங்களில் நடக்கும் ஏற்பாடு மற்றொரு வழி. அறையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மாதம் ஒரு மணி நேரம் வீட்டு உதவி என்பது அதன் பொதுவான அளவுகோல். 15 சதுர மீட்டர் அறைக்கு மாதம் 15 மணி நேரம் தோட்டத்து இலை வாருவது, வாசல் பனி தள்ளுவது, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவது போன்ற வேலைகளைச் செய்தால், வாடகை கிடையாது. தண்ணீர், மின்சாரம், வெப்பமூட்டல் ஆகியவற்றின் பங்கை மட்டும் கொடுக்க வேண்டும். நோயாளியைப் பராமரிப்பது இதில் சேராது, யாராவது சேர்த்துக் கேட்டால் மறுத்துவிடலாம். பொது வானொலி, தொலைக்காட்சிக்கான ஒலிபரப்புக் கட்டணமான மாதம் 18.36 யூரோ ஒரு குடியிருப்புக்கு ஒருமுறைதான் என்பதால் குடும்ப வீட்டில் அது நம் தலையில் விழுவதில்லை. தனி அறைக் குடியிருப்பாக உள்ள விடுதியில் விழும்.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வீடு கொடுத்தவரின் உறுதிக் கடிதம் வேண்டும். இதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ‘இங்கே பதிவு செய்துகொள்ள வேண்டாம்’ என்று சொல்லும் வீடு எவ்வளவு அன்பான வீடாக இருந்தாலும் அதைக் கடந்து போய்விடுவதே நல்லது. குப்பையை மஞ்சள், நீலம், பழுப்பு, கறுப்புத் தொட்டிகளுக்குப் பிரிப்பது, கடுங்குளிரிலும் சன்னல்களை முழுதாகத் திறந்து சில நிமிடம் காற்றோட்டம் விடுவது, இரவு 10 மணிக்கு மேல் சத்தம் போடாமலிருப்பது போன்ற விதிகளும் இரு இடத்துக்கும் பொதுவானவை. விடுதியில் அவை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும், வீட்டில் எட்டு வயதுப் பிள்ளை தயவுதாட்சண்யம் பார்க்காமல் சொல்லித் தந்துவிடும். பின்னதுதான் மனத்தில் நிற்கிறது.

சமையலறையில் விடுதி தெளிவாக வெல்கிறது என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். இரவு பதினொரு மணிக்குப் பசித்தால் குழம்பு கொதிக்க வைக்கலாம். பக்கத்து அறைத் தெலுங்கு நண்பர் ஊறுகாயோடு வந்து நிற்பார். குடும்ப வீட்டிலோ பல நாள்களில் மாலை ஆறரைக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, வெள்ளரி, தக்காளி என்று அடுப்பு மூட்டாத உணவுதான். சூடான சாப்பாடு மதியத்தோடு முடிந்துவிடுகிறது. சாப்பிட வர முடியாவிட்டால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். தாளிக்கும் வாசனை மாடிப்படியேறி எல்லாருடைய குளிர்காலக் கோட்டிலும் உட்கார்ந்துகொள்ளும் என்பதால் நான் பெருங்காயத்தை வாரத்தில் ஒரு நாளைக்கு ஒதுக்கிவைத்தேன். அந்த நாளில் வீடு முழுவதும் சாம்பார் சாப்பிடும், சன்னல்கள் எல்லாம் திறந்திருக்கும். தினமும் சோறு இல்லாமல் முடியாது என்பவர்கள் இதைச் சிறு விஷயமாக எண்ண வேண்டாம்.

இனி, என் முடிவைத் தீர்மானித்த ஒரே காரணத்துக்கு வருகிறேன். அது ஞாயிற்றுக்கிழமை. இந்நாட்டில் அன்று கடைகள் மூடியிருக்கும் என்பது வருவதற்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அது எத்தனை ஆழமான ஏற்பாடு என்பது வந்து சில மாதம் கழித்துத்தான் உறைக்கும். அன்றைய ஜெர்மன் குடியரசின் 1919ஆம் ஆண்டு வைமார் அரசியல் சட்டம் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாகப் பாதுகாத்தது, அந்தப் பிரிவை இன்றைய அரசியல் சட்டமான அடிப்படைச் சட்டமும் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடைகளைத் திறக்க பெர்லின் மாநிலம் அனுமதித்தபோது, தேவாலயங்கள் தொடுத்த வழக்கில் 2009 டிசம்பர் 1 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பெரிய ரயில் நிலையக் கடைகள், பெட்ரோல் நிலையங்கள், காலையில் சில மணி நேரம் ரொட்டிக் கடை, உணவகங்கள் ஆகியவை தவிர ஊர் அடங்கிவிடும். புல் வெட்டும் இயந்திரம் ஓடாது, சுவரில் துளை போட முடியாது, காலிக் கண்ணாடிப் புட்டிகளைத் தெருமுனைத் தொட்டியில் போடுவதும் கூடாது. பேருந்துகளும் குறைவு.

விடுதியில் இந்த நாள் எப்படிக் கழிகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஜெர்மன் மாணவர்களில் பலர் வெள்ளி மாலையே பெற்றோர் வீட்டுக்கு ரயிலேறிவிடுகிறார்கள். தாழ்வாரத்தில் எஞ்சுபவர்கள் நம்மைப் போல் தொலைவிலிருந்து வந்தவர்களே. நாம் சேர்ந்து பிரியாணி செய்கிறோம், கிரிக்கெட் பார்க்கிறோம், ஊருக்குத் தொலைபேசுகிறோம். அந்த நட்பைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை, இன்றும் என் நெருங்கிய நண்பர்கள் அங்கே கிடைத்தவர்கள்தான். ஆனால் டிசம்பரில் நாலரை மணியளவில் சூரியன் விழுந்துவிடும் ஊரில், வாரத்தில் ஆறு நாளும் ஆங்கில வழி வகுப்பும் ஆய்வகமுமாக இருந்துவிட்டு, ஏழாம் நாளையும் மூடிய கதவுகளுக்குள் கழித்தால், ஜெர்மனியில் இருக்கிறோம் என்பதற்கு அடையாளம் விசா அட்டை மட்டும்தான். சனிக்கிழமை மாலைக்குள் பால் வாங்கி வைப்பதைத் தவிர அந்த ஞாயிறு நம்மிடம் எதையும் கேட்பதில்லை, நமக்கு எதையும் தருவதுமில்லை.

அதே நாள் குடும்ப வீட்டில் வாரத்திலேயே மிகவும் நிரம்பிய நாள். வார நாள்களில் அவர்களும் ஓடிக்கொண்டிருப்பார்கள். பேச்சு என்பது சாவி, மழை, குப்பை வண்டி, பள்ளிப் பை என்ற அளவில்தான் இருக்கும். குடும்பத்தோடு தங்கினால் மொழி தானாக வந்துவிடும் என்று சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ரொட்டிக் கடையிலிருந்து வந்த சூடான உருண்டை ரொட்டிகளும் அரைவேக்காட்டு முட்டையும் மேசைக்கு வந்தால் பதினொரு மணி வரை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். யாருக்கும் அவசரம் இல்லாததால் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, நடுவில் வினைச்சொல்லைத் தேடி, முடிக்கும்வரை காத்திருக்கிறார்கள். மதியத்துக்குப் பிறகு, தூறலானாலும் காட்டுப் பாதையில் நடை. மூன்றரை மணிக்கு மேல் காபியும் கேக்கும். நம் ஊர் பேக்கரிகள் பிளாக் ஃபாரஸ்ட் என்ற பெயரில் விற்பதற்கும் இந்த மலையடிவாரத்து வீட்டில் செய்வதற்கும் தொடர்பு கொஞ்சம்தான். இதில் செர்ரியிலிருந்து வடித்த மதுவைத் தாராளமாகவே ஊற்றுகிறார்கள், மது தொடாதவர்கள் கேட்டுக்கொண்டு எடுப்பது நல்லது. அந்த மேசைக்கு வரும் பாட்டி இப்பகுதியின் அலெமான் வட்டார வழக்கில்தான் பேசுவார். பாடப் புத்தக ஜெர்மனை மட்டும் படித்தவனுக்கு முதல் சில வாரங்கள் ஒரு சொல்கூடப் பிடிபடாது. இரவு 8.15க்குத் தொலைக்காட்சியில் வரும் துப்பறியும் தொடரை எல்லாரும் சேர்ந்து பார்த்து, கொலையாளி யார் என்று வாதாடுவதோடு நாள் முடிகிறது.

குளிர்காலத்தில் இதன் மதிப்பு இன்னும் கூடுகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் மேசை மேல் உள்ள பசுந்தழை வளையத்தில் வாரத்துக்கு ஒரு மெழுகுவத்தி கூடுதலாக ஏற்றுவார்கள். டிசம்பர் 24 மாலை தொடங்கி 26 வரை ஊரே வீட்டுக்குள் போய்விடும். அந்த நாள்களை விடுதியில் கழித்தவர்கள், தனிமை என்ற சொல்லை அதற்கு முன் வேறு பொருளில் பயன்படுத்தி வந்ததாகவே சொல்கிறார்கள். எல்லாக் குடும்பமும் 24ஆம் தேதி இரவில் மேசையில் நமக்கும் தட்டு வைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சில வீடுகளில் அது நெருங்கிய உறவினருக்கு மட்டுமான இரவு. முன்கூட்டியே கேட்டுவிடுவதை அவர்கள் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

இதே ஞாயிறு சுமையாகவும் மாறும். ஒன்பது மணிக்கு எழுந்துவிட வேண்டும். நண்பர்கள் கிரிக்கெட் ஆடும் நாளில் நாம் காட்டுப் பாதையில் இருப்போம். தமிழ்நாட்டு நேரம் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் முன்னால் ஓடுவதால், அம்மாவோடு பேச வசதியான வேளை காலை உணவுக்கு முன் எட்டு மணிதான். நாமோ தொலைபேசியில் ஊருக்கே கேட்கும்படி பேசிப் பழகியவர்கள், சுவரோ மெல்லியது. நான் தோட்டத்துக்குப் போய்ப் பேசுகிறேன், ஜனவரியில் அது நீண்ட உரையாடலாக அமைவதில்லை. விருந்தாளியை அழைத்து வருவதற்கும் இரவு தாமதமாகக் குளிப்பதற்கும் சட்டப்படி தடை இல்லையென்றாலும், பிறர் வீட்டில் இருக்கிறோம் என்ற நினைப்பு முழுமையாக நீங்குவதில்லை. வீட்டுக்காரரை ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்றழைக்க வாய் வரும். அவர்களோ பெயர் சொல்லிக் கூப்பிடு என்கிறார்கள். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைக்க நாக்குப் பழகவே ஒரு பருவம் ஆகிறது.

ஓ பேர் எனப்படும், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு குடும்பத்தோடு தங்கும் முறையையும் பலர் கேட்கிறார்கள். நான் அதில் இருந்ததில்லை. 27 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், தொடக்க நிலை ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும், வாரம் 30 மணி நேரம் வரை வேலை, மாதம் 280 யூரோ கைச்செலவுப் பணம், மொழி வகுப்புக்கு 70 யூரோ, அதிகபட்சம் ஓராண்டு என்பவை அதன் விதிகள். வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு உண்டு. ஆனால் மாதத்தில் ஒரு ஓய்வு நாள் மட்டுமே கட்டாயம் ஞாயிறாக இருக்க வேண்டும். அதாவது மற்ற ஞாயிறுகள் வேலை நாளாகலாம். மேசையைச் சுற்றி எல்லாரும் கதை பேசும்போது நாம் குழந்தைக்கு ரொட்டி வெட்டிக்கொண்டிருப்போம். அதிலும் மொழி வரும், உறவும் வரும். ஆயினும் நான் மேலே சொன்ன ஞாயிறும் அதுவும் ஒன்றல்ல.

வேகே என்று அழைக்கப்படும் பகிர்வு வீட்டில் நண்பர்களின் விருந்தாளியாகச் சில நாள் இருந்ததைத் தவிர எனக்கு அனுபவம் இல்லை. அறைக்குப் பலர் போட்டியிடும்போது, வீட்டில் ஏற்கெனவே இருப்பவர்கள் நேர்காணல் நடத்தித் தேர்ந்தெடுப்பதால், சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ திரைவழியே அதில் வெல்வது கடினம். வந்து இறங்கிய பிறகு தேடுவதற்கு அது ஏற்றது.

ஓராண்டுக்குள் படிப்பை முடித்துவிட்டு ஆங்கிலத்தில் வேலை தேடப் போகிறவர், ஆய்வகத்தில் இரவு பகலாக இருப்பவர், சமையலில் சமரசம் செய்ய முடியாதவர் ஆகியோர் விடுதியையே எடுக்கலாம். இந்த நாட்டில் சில ஆண்டுகளாவது தங்கும் எண்ணமுள்ளவருக்கு நான் குடும்பத்தையே பரிந்துரைப்பேன், முடிந்தால் முதல் குளிர்காலத்துக்கு முன்பே. பார்க்கப் போகும்போது அறையின் சன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதோடு, உங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எப்படிக் கழியும் என்றும் கேளுங்கள். ‘நாங்கள் அநேகமாக வெளியூர் போய்விடுவோம்’ என்று பதில் வந்தால், அது விடுதியைவிட அமைதியான விடுதி மட்டுமே. உதவி நேரத்துக்கு ஈடாகத் தங்குவதாக இருந்தால், தேர்வு மாதங்களில் குறையும் மணி நேரத்தை விடுமுறையில் ஈடுசெய்யலாமா, விலகுவதற்கு எத்தனை வாரம் முன்பு சொல்ல வேண்டும், ஞாயிறு அந்தக் கணக்கில் சேருமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என் ஒப்பந்தத்தில் ஞாயிறு சேராது என்று எழுதச் சொன்னது அந்த வீட்டு அம்மாதான்.